பத்து நாள் மௌனமும் முந்தைய ஒரு மாதச் சத்தமும்

வரையறையும் எல்லையும்

தியானத்துக்காகத் தனித்திருத்தல் என்பது வீடு, வேலை, கைபேசி மூன்றையும் ஒரே சமயத்தில் விட்டு விலகி, கண்ணை மூடி உட்காருவதற்கென்றே ஒருவர் வேறோர் இடத்துக்குப் போய்த் தங்குவதாகும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் வரையறை நிறைவேறாது. கைபேசியோடு கொடைக்கானலில் மூன்று நாள் இருந்துவிட்டு வருவது சுற்றுலா. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடப்பது உடம்பு சரியில்லாமை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி உட்காருவதைத் தூக்கம் என்றே குடும்பத்தார் பதிவு செய்வார்கள். அதை மறுக்கப் போதிய சான்று எவரிடமும் இருப்பதில்லை.

இக்கட்டுரை ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது: எஸ்.என். கோயங்கா வழிவந்த விபஸ்ஸனா தியான மையங்களில் நடக்கும் பத்து நாள் முகாம். மகாராஷ்டிரத்து இகத்புரியில் உள்ள தம்ம கிரி இவற்றுள் பெயர்பெற்றது. சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கால அட்டவணை, ஒரே விதிகள், ஒரே குரலில் அறிவுரை என்பதால் இவ்வகை ஆய்வுக்கு வசதியானது. முகாமில் மனத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. மெத்தை, முழங்கால், பொரி, பக்கத்து அறைக்காரர் ஆகிய துறைகளோ இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

முன்னோடிகள்

இவ்வழக்கத்தின் பழைய நிறுவன வடிவங்களில் ஒன்று பௌத்த பிக்குகளின் மழைக்கால வாசம். மழைக்காலத்தின் மூன்று மாதம் ஊர் ஊராகத் திரியாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. விதி பிறந்த காரணம் கவனிக்கத்தக்கது. மழையில் நடமாடும் பிக்குகள் பயிர்பச்சையை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களை நசுக்குகிறார்கள் என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டதால் புத்தர் இதை வகுத்தார் என்று விநய நூல் சொல்கிறது. ஆக, ஒருவரை ஓரிடத்தில் உட்கார வைத்ததில் அக்கம்பக்கத்தார் புகாருக்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டில் இத்துறையின் தொல்பொருள் சான்றுகள் சமணர்களுடையவை. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. பாறையை வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மேடும் விட்டிருக்கிறார்கள். உலகத்தைத் துறந்தவருக்கும் தலைக்கு உயரம் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடக் கெட்டியான ஆதாரம் கிடைக்காது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, ஒருவருக்காக இன்னொருவர் இருக்கை செய்துகொடுத்ததை இருவருடைய ஊரும் பேரும் சொல்லிப் பதிவு செய்கிறது. தனியாக இருக்கப் போனவருக்கு இடம் செதுக்கித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளும் தன் பெயர் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அண்மைக் காலச் சான்றுகளில் வலுவானது திருவண்ணாமலையில் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று அங்கு வந்துசேர்ந்த வேங்கடராமன் என்ற இளைஞர், பிற்காலத்து ரமண மகரிஷி, மலைமேல் விரூபாட்சக் குகையில் பல ஆண்டுகள் இருந்தார். பேசாமல் இருப்பவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. குகைக்கு உரிமை கொண்டாடிய மடத்தைச் சேர்ந்தவர்கள் வருகிறவர்களிடம் காசு வசூலிக்கத் தொடங்கினார்கள். அவர் குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். மரத்தடியையும் சேர்த்து மறிக்கும்படி வசூல் இடம் நகர்ந்தது. அவர் எழுந்து வேறொரு குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று; பழைய குகையில் வரும்படி நின்றது. கடைசியில் வசூலை விட்டுவிட்டுத் திரும்பி வரச் சொன்னவர்கள் மடத்தார்தான். ஆசை ஒழிந்த ஒருவரைச் சுற்றி உண்டான இந்தப் பொருளாதார நடவடிக்கையில் அவர் செய்ததெல்லாம் மூன்று முறை இடம் மாறியது மட்டும்.

இன்றைய பத்து நாள் முகாமின் நேரடி முன்னோடி ஒரு கணக்கு அதிகாரி. சயாஜி ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்தவர். தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுத் தந்தவர். 1955இல் அவரைத் தேடிப் போனவர் மாந்தலேயில் 1924இல் பிறந்த வணிகர் கோயங்கா. போன காரணம் ஒற்றைத் தலைவலி. பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் தீராத தலைவலி. தலைவலி போவதற்காக மட்டும் வருவதானால் இடமில்லை என்று ஊ பா கின் முதலில் தட்டிவிட்டார். பிறகு சேர்த்துக்கொண்டார். 1969இல் இந்தியாவுக்கு வந்த கோயங்கா அவ்வாண்டு ஜூலையில் பம்பாயில் ஒரு தர்மசாலையில் முதல் முகாமை நடத்தினார். உட்கார்ந்த சிறு கூட்டத்தில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். பெற்ற தாய் தந்தையைப் பத்து நாள் பேசாமல் உட்கார வைத்த மகன்கள் வரலாற்றில் மிகக் குறைவு. கணக்கு அலுவலகத்தின் சாயல் முறையில் இன்றும் தெரிகிறது: படிவம், வரிசை எண், நிமிடக் கணக்கில் கால அட்டவணை, வராதவரைத் தேடி ஆள் அனுப்புதல்.

வீட்டு அனுமதி

மையத்துக்கான விண்ணப்பத்தை இணையத்திலேயே நிரப்பிவிடலாம். உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்து, இதற்குமுன் செய்த தியானம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இது சுலபமான விண்ணப்பம். கடினமான விண்ணப்பம் சமையலறை வாசலில் வாய்மொழியாகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

நேரம் பார்த்துச் சமர்ப்பிப்பது முக்கியம். பால் பொங்கும் நேரம் ஆகாது. மாதக் கடைசி ஆகாது. இரவுச் சாப்பாடு முடிந்து, தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ள சிறு இடைவெளியை அனுபவஸ்தர்கள் பரிந்துரைக்கிறார்கள். மனைவியின் முதல் கேள்வி "பத்து நாளா?" என்பது. இரண்டாவது கேள்வி "யாரோட?" "தனியாத்தான்" என்ற பதில் முழு உண்மையாக இருந்தும் நிலைமையைச் சீராக்குவதில்லை. "இங்க உங்களை யாரு தொந்தரவு பண்றா?" என்ற மூன்றாவது கேள்விக்கு இதுவரை பாதுகாப்பான பதில் கண்டுபிடிக்கப்படவில்லை.

செய்தி அதன்பின் உறவுக்குள் பரவும். பெற்ற அம்மா, "சாமியாராப் போயிட மாட்டியேடா?" என்று நேரடியாகவே கேட்பார். மாமனார் மருமகனிடம் எதுவும் கேட்கமாட்டார், மகளைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்று விசாரிப்பார். மாடி வீட்டுக்காரர் இதை இயற்கை வைத்தியம் என்று எடுத்துக்கொண்டு சர்க்கரை குறையுமா என்று கேட்பார். பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே சந்தேகம் அந்தப் பத்து நாளும் அப்பாவின் போன் யாரிடம் இருக்கும் என்பது.

தேதி அடுத்த இடர்ப்பாடு. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, அரைப் பரீட்சை, ஆடிக் கிருத்திகை, மாமாவின் அறுபதாம் கல்யாணம் எதுவும் இல்லாமல் சேர்ந்தாற்போல் பத்து நாள் காலியாக உள்ள காலண்டர் தமிழ்நாட்டில் அச்சாவதில்லை. அதிலும் பத்து நாள் முகாம் பத்து நாளில் அடங்குவதன்று. முந்தின நாள் பிற்பகலே போய்ச் சேர வேண்டும். பதினோராம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். ஆக 12 தேதிகள். தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டு முழுவதற்கும் உள்ள தற்செயல் விடுப்பும் 12 நாள்தான். எண்கள் ஒத்துப்போவதைப் பார்த்துப் புல்லரிப்பவர் உண்டு. மேலதிகாரி புல்லரித்ததாகத் தெரியவில்லை. தனியார் அலுவலகங்களில் வேறு சிக்கல். காரணம் என்ற கட்டத்தில் தியானம் என்று எழுதுபவரை மனிதவளத் துறை பரிவோடு பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் பரிவு அடுத்த சம்பள உயர்வுவரை நீடிக்கும். ஆகவே பெரும்பாலோர் "சொந்த ஊர்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பொய் சொல்லாமை முகாமின் ஐந்து சீலங்களில், அதாவது ஒழுக்க விதிகளில், ஒன்று. அது முகாமுக்குள் நுழைந்த பின்பே நடைமுறைக்கு வருகிறது என்று இவர்கள் வியாக்கியானம் செய்கிறார்கள்.

அனுமதி கிடைத்தபின் கணவர் ஓர் ஆவணம் தயாரிப்பார். அதில் காஸ் புக் செய்யும் எண், மின் கட்டணக் கடைசித் தேதி, தண்ணீர் மோட்டாரை எப்போது போட்டு எப்போது நிறுத்துவது, இன்வெர்ட்டர் கூவினால் எந்தப் பொத்தானை அமுக்குவது, வைஃபை கடவுச்சொல், எல்.ஐ.சி. பத்திரங்கள் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்பவை இருக்கும். கடைசிக் குறிப்பைப் படித்ததும் வீட்டில் மறுபடி அழுகை தொடங்குவதால், அதை மட்டும் தனித் தாளில் எழுதுவது நல்லது. இவ்வளவையும் எழுதி முடித்தபின் அவருக்குத் தாம் இல்லாமல் வீடு நடக்காது என்ற எண்ணம் உறுதிப்படும். வீட்டில் மற்றவர்களுக்கு மோட்டார் போட ஏற்கெனவே தெரியும்.

போகிறவர் பெண்ணாக இருந்தால் ஆவணத்தின் வடிவம் மாறுகிறது. இரண்டு தூக்கு இட்லி மாவு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இன்னும் நான்கு நாளைக்கு மாமியாரை ஊரிலிருந்து வரவழைத்தல், மீதி நாளைக்கு மெஸ்ஸில் சொல்லிவைத்தல், பிரிட்ஜ் கதவில் கிழமைவாரியாக ஒரு காகிதம். ஆணுக்கு வேண்டியது அனுமதி. பெண்ணுக்கு வேண்டியது மாற்று ஆள். அவர் கிளம்பும் அன்று காலையிலும் மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டிவைத்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறுகிறார். முகாமில் முதல் நாள் தியானத்தில் பெண்கள் பகுதியில் எத்தனை பேர் தூங்கி விழுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒப்படைத்தல்

மையத்தில் நுழைந்ததும் கைபேசி, பணப்பை, புத்தகம், பேனா, ஜபமாலை, தாயத்து எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிடுவார்கள். பத்து நாளும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது; பத்தாம் நாள் காலைவரை மற்றவர்களோடு பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, முகம் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதி. கணவன் மனைவி சேர்ந்தே வந்தாலும் இதுதான். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. முந்தைய மாணவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. ஒரு முகாமை முடிக்காதவர் கொடுக்க நினைத்தாலும் வாங்கமாட்டார்கள். காசு வாங்காமல் சோறு போடுகிறார்கள் என்ற ஒன்றே உறவினர் மத்தியில் மிகப் பெரிய சந்தேகத்தைக் கிளப்புகிறது.

கைபேசியைக் கொடுத்தபின் இரண்டு நாளைக்குக் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பிவரும். மூன்றாம் நாள் நின்றுவிடும்.

நேரம்

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30 முதல் 6.30 வரை தியானம். எழுந்திருக்காதவர் அறை வாசலில் தம்ம சேவகர் எனப்படும் தொண்டர் சின்ன மணியோடு வந்து நிற்பார், அவரும் பேசமாட்டார். காலைச் சிற்றுண்டி 6.30க்கு, மதியச் சாப்பாடு 11க்கு, மாலை 5க்குத் தேநீர், 7 மணிக்குப் பதிவு செய்த உரை, 9.30க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார வேண்டும். முதல் மூன்றரை நாள் செய்யவேண்டியது மூச்சைக் கவனிப்பது. அதிலும் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறு இடத்தில் மட்டும் கவனிப்பது. மீசைக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய வேறு பயிற்சி சலூன்களில்கூட இல்லை.

மனிதர் சும்மா உட்காருவது எவ்வளவு கடினம் என்பதற்கு உண்மையான ஆய்வு ஒன்று உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சனும் அவர் குழுவும் 2014இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் தம் எண்ணங்களோடு உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் மின்சாரம் சுரீரென்று இழுக்கும். அந்த ஷாக் வேண்டவே வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கே இந்த நிலை. திருமுடிவாக்கத்தில் பொத்தான் கிடையாது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

நேரத்தை மனம் அளக்கும் விதத்திலும் முகாம் தனி வகை. 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். வெளியே வந்த அன்று அவர் கணக்கில் ஆகஸ்ட் 20. உண்மைத் தேதி செப்டம்பர் 14. அவருக்கு நாட்கள் விடுபட்டுப் போயின. தியானக் கூடத்தில் நேர்மாறாக நடக்கிறது. அரை மணி ஆகியிருக்கும் என்று கண்ணைத் திறந்தால் ஏழு நிமிடம் ஆகியிருக்கும். கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் தலைதூக்கும் என்று பழைய மாணவர்கள் எச்சரிப்பார்கள். புதியவர்களில் சிலர் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாமல் எல்லா நாளும் அப்படி நினைக்கிறார்கள்.

மெத்தைக் கட்டுமானம்

கூடத்தில் ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு சதுர மெத்தை, அதன்மேல் ஒரு சிறு குஷன். இது தொடக்கக் காலம். கூடத்தின் ஓரத்தில் உபரிக் குஷன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை முதல் நாள் யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் நாள் மதியம் ஒருவர் எழுந்து போய் ஒன்றை எடுத்து வருவார். கண்களை மூடியிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் இது எப்படியோ தெரிந்துவிடும். மாலைக்குள் அடுக்கு பாதியாகிவிடும். விரிவாக்கக் காலம் இது.

நான்காம் நாள் இக்கட்டடக் கலையின் உச்சம். ஒரு நடுத்தர வகைக் கட்டுமானத்தை விவரித்தால் போதும். பிட்டத்துக்கு அடியில் இரண்டு குஷன், முன்பக்கம் சரிவு வரும்படி மேல் குஷன் அரை விரற்கடை பின்தள்ளி. இரண்டு முழங்காலுக்கும் கீழே ஆளுக்கொன்று. இடது கணுக்கால் எலும்பு தரையில் படாமல் நான்காக மடித்த ஈரிழைத் துண்டு. கை வைத்துக்கொள்ள மடியில் சுருட்டிய சால்வை. இவ்வளவையும் பொருத்தி, ஒருக்களித்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே வாங்கி, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடியதும் வலது முழங்கால் இடதைவிடச் சற்று உயரமாக இருப்பது தெரியவரும். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது அடித்தளத்தில் ஒரு குஷன் குறைந்திருக்கும். திருடாமை இரண்டாவது சீலம். எடுத்தவர் இதைத் திருட்டு என்று கருதவில்லை. மையத்தின் பொருள் மையத்துக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது. இழந்தவரோ அந்த ஒரு மணி நேரம் மூச்சைக் கவனிக்காமல், முன்வரிசையில் இருப்பவர்களின் உயரத்தைக் கவனிக்கிறார்.

கூடத்தின் பின்புறம் சில நாற்காலிகள் உண்டு. முதுகு, மூட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆசிரியர் அனுமதியோடு கிடைக்கும். முதல் நாள் தரைக்காரர்கள் நாற்காலிக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான்காம் நாள் அந்தப் பார்வை வேறாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் நண்பகல் 12 மணிக்கு, ஆசிரியரைச் சந்திக்கும் வரிசையில் நிற்பவர்கள் பலருக்கும் பிறந்ததிலிருந்து முதுகுவலி இருந்திருக்கிறது.

ஏழாம் நாள் வாக்கில் கோட்டைகள் சரியும். ஆறு குஷனிலும் ஒரு குஷனிலும் வலி ஒரே அளவுதான் என்ற கண்டுபிடிப்பு தனித்தனியாகப் பலருக்கும் நிகழ்கிறது. குஷன்கள் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் திரும்புகின்றன. ஏழடிப்பட்டத்தில் உட்கார்ந்தவர்கள் இந்த முடிவுக்கு எத்தனை நாளில் வந்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

முழங்காலும் ஒலிபெருக்கியும்

நான்காம் நாளிலிருந்து, நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையையும் காலையும் பிரிக்காமல் உட்கார வேண்டும். வலி வந்தால் வலியைக் கவனிக்க வேண்டும். நாற்பதாவது நிமிடம் வரை இது தத்துவம். அதன்பிறகு முழங்கால் ஒன்றே உலகத்தில் மிஞ்சுகிறது.

ஒரு மணி முடிவதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாகக் கோயங்காவின் பாலி ஓதல் ஒலிபெருக்கியில் கேட்கும். 2013இல் அவர் காலமானபின்னும் குரல் அதேதான். அனுபவசாலிகள் காத்திருப்பது அந்த ஓதலுக்கன்று. ஒலிபெருக்கி உயிர்பெறும்போது வரும் சிறு 'கர்' சத்தத்துக்கு. கூடத்தில் நூறு பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் மாறுவதைக் கேட்கலாம். சில சமயம் அது ஒலிபெருக்கியாக இருக்காது, மின்விசிறியாக இருக்கும். பற்றும் வெறுப்பும் துன்பத்துக்குக் காரணம் என்று இரவு உரையில் சொல்லப்படும்போது, பலரும் அந்த மின்விசிறியை நினைத்துத் தலையசைக்கிறார்கள்.

பேசாதவர்களின் சமூகம்

பேச்சு நின்றதும் வதந்தி நிற்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடப்பது வேறு. பேசாத இடத்தில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே வதந்தி தயாரித்துக்கொள்கிறார். பெயர் தெரியாததால் பச்சைச் சட்டை, வழுக்கை, கதவை அறைகிறவர், சாம்பாரை மூன்று தடவை வாங்குகிறவர் என்று அடையாளம் வைக்கப்படுகிறது. அடுத்து வரலாறு எழுதப்படுகிறது. பச்சைச் சட்டை ஓய்வு பெற்ற நீதிபதி, மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், மகன் வெளிநாட்டில். கதவை அறைகிறவர் கட்சிக்காரர். வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே பல் துலக்குகிறவரோடு ஏழு நாளைக்கு நீண்ட விவாதம் நடக்கும். அதில் ஒரு தரப்புக்கு விவாதம் நடப்பதே தெரியாது.

இருமல் இச்சமூகத்தின் பொது மொழி. விதி பேச்சைத் தடுக்கிறது, இருமலைத் தடுக்கவில்லை. கூடம் முழுக்க அமைதியாக இருக்கையில் வடகிழக்கு மூலையில் ஒருவர் இருமினால் தென்மேற்கிலிருந்து பதில் வரும். நடுவரிசை தொண்டையைச் செருமி ஆமோதிக்கும். பெண்கள் பகுதியிலிருந்தும் ஒன்று கேட்கும். சற்று நேரத்தில் மழை விட்ட தவளைக்குளம் போல் ஓய்ந்துவிடும்.

குறட்டை பற்றித் தனி நூல் எழுத வேண்டும். நிர்வாகியிடம் அத்தியாவசியத் தேவைகளைப் பற்றிப் பேச அனுமதி உண்டு. அறை மாற்றித் தரும்படி அவரிடம் கிசுகிசுக்கும் மூன்று வாக்கியங்கள்தான் பலருக்கு அந்த வாரத்தின் முழு உரையாடல்.

ஐந்து மணிப் பொரி

மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரோடு பொரியும் வாழைப்பழமும். ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு எட்டுச் சீலம்; நண்பகலுக்குப் பின் உணவில்லை, எலுமிச்சைச் சாறு மட்டும். புதியவர் பொரியை ஒவ்வொன்றாக மென்று தின்கிறார். பழையவர் தம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, பொரி மெல்லும் சத்தத்தைப் பற்றில்லாமல் கவனிக்க முயல்கிறார். வீட்டில் கோவில் திருவிழாவுக்கு வாங்கிய பொரி நமுத்துப்போய்க் கொட்டப்படுவதை எண்ணி வருந்தாதவர் இவ்வேளையில் அரிது.

பத்தாம் நாள்

பத்தாம் நாள் காலை, உயிர்கள் எல்லாவற்றுக்கும் நன்மை நினைக்கும் மைத்ரீ பயிற்சி முடிந்ததும் மௌனம் தளர்த்தப்படுகிறது. கூடத்தை விட்டு வெளியே வந்து ஒரு நிமிடம் எவரும் பேசுவதில்லை. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். நிலையாமை பற்றி யாரும் தொடங்குவதில்லை. முழங்கால், ரசம், குறட்டை என்ற வரிசையில் பேச்சு போகிறது. பச்சைச் சட்டை நீதிபதியல்ல. குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மனைவி பெண்கள் பகுதியில்தான் இருக்கிறார், நலமாக. கதவை அறைகிறவர் சங்கீத ஆசிரியர். தமக்கு என்ன வரலாறு எழுதப்பட்டிருந்தது என்பது மட்டும் எவருக்கும் சொல்லப்படுவதில்லை.

கைபேசி திரும்பக் கிடைத்ததும் அதை உடனே திறக்காமல் சற்று நேரம் கையில் வைத்திருப்பது மரபு. அந்தச் சற்று நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். திறந்தால் தெரிவது: குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் பல நூறு, வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று ஐந்து செய்தி, அலுவலகத்திலிருந்து மிக அவசரம் என்று நான்காம் நாள் வந்து, அதே கையால் ஐந்தாம் நாள் வேண்டாம் என்று வந்த கடிதம்.

திரும்பிய பின்

வீட்டில் முதல் கேள்வி, "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?" எடை குறையாதவரிடமும் இதே கேள்வி கேட்கப்படுவதால் அதை வரவேற்புரையாகவே கொள்ள வேண்டும். முதல் நாள் அவர் தாழ்ந்த குரலில், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசுவார். குடும்பத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கோபம் குறைந்திருக்கிறதா என்ற சோதனை இரண்டாம் நாள் முன்னறிவிப்பில்லாமல் நடத்தப்படும். ஈரத் துண்டு மெத்தைமேல் கிடப்பது வழக்கமான வினாத்தாள். அவர் கத்தினால், "பத்து நாள் போய் என்னத்தக் கத்துக்கிட்டு வந்தீங்க?" கத்தாமல் இருந்தால், "உடம்புக்கு என்ன பண்ணுது?"

முகாம் முடிந்தவர் வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்கார வேண்டும் என்பது அறிவுரை. இது படிப்படியாகத் தேய்வதை எங்கும் காணலாம். முதல் வாரம் தனி அறை, வெள்ளை வேட்டி, முழு ஒரு மணி. அடுத்து அந்த அறையில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருப்பதால் பூஜை அறை, அரை மணி. மிக்ஸி ஓடும் நேரம் கழித்துக் கணக்கிடப்படும். அதற்குப் பின் பால்கனி நாற்காலி, செய்தித்தாள் வரும்வரை. இறுதி நிலை தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் அமைகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்து, முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, கண்ணை மூடுகிறார். மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே கவனம் நிற்கிறது. பல்லாவரத்தில் கூட்டம் ஏறுகிறது. கையில் பையோடு ஒரு பெரியவர் எதிரில் வந்து நிற்பதைக் கண் திறக்காமலே உணர முடிகிறது. மின்விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் வித்தியாசம் கண்ட காது அது. இந்நிலையில் மூடிய கண்ணைத் திறக்காமல் இருப்பது தியானத்தில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் சேரும் என்கிறார்கள்.